டல்லாஸ் பக்கம் ஒரு டைட்டில் டென் கிளினிக், 5க்கு 4 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். டைட்டில் டென்ங்கறது, வருமானத்துக்கு ஏத்த கட்டணத்துல குடும்பக் கட்டுப்பாடு பாக்கற கிளினிக்குகளுக்கு அமெரிக்க மத்திய அரசு (ஃபெடரல்) குடுக்கற பணம். ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னு கீழ வரும். கிளினிக் பேர் போடல, கூட வந்த பொண்ணு பேரும் போடல, அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், "எழுதுங்கக்கா, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு இடம் இருக்கறதே தெரியாது"ன்னு அவளேதான் சொன்னா.

2024 மார்ச்ல நடந்தது. எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்ல இருக்கா, எச்4 விசா (இங்க வேலை விசால இருக்கறவங்களோட குடும்பத்துக்கு குடுக்கறது), 33 வயசு, ஒரு பையன். அவ வீட்டுக்காரருக்கு ப்ராஜெக்ட் முடிஞ்சு கன்சல்டன்சிக்காரங்க பெஞ்ச்ல போட்டுட்டாங்க, அதாவது அடுத்த ப்ராஜெக்ட் வர வரைக்கும் வேலை இல்லாம உக்கார வச்சுட்டாங்க, பெஞ்ச்ல இருந்தாலும் சம்பளம் குடுக்கணும்னுதான் சட்டம், ஆனா குடுக்கல, சம்பளத்தோட சேர்ந்து இன்சூரன்ஸும் போச்சு. ஊர்ல இருந்து அவங்க அம்மா பெட்டியில வச்சு அனுப்பின மாலா டி கருத்தடை மாத்திரை தீர்ந்துபோச்சு. அந்த நேரம் பாத்து நாள் தள்ளிப் போச்சு, ஒன்பது நாள். ராத்திரி பத்தரை மணிக்கு கதவ தட்டி அழுதா. இன்சூரன்ஸ் இல்லாம டாக்டர்கிட்ட போனா பில் எவ்ளோ வரும்னு நினைச்சே அவளுக்கு பாதி உயிர் போயிடுச்சு.

எனக்கு டைட்டில் டென் தெரியும், ஏன் தெரியும்னு அப்புறம் சொல்றேன். சுருக்கமா என்னன்னா, 1970ல வந்த ஃபெடரல் திட்டம், அப்போ பிரசிடென்ட்டா இருந்த நிக்சன் கையெழுத்து போட்டது, அப்போ டெக்ஸாஸ்ல இருந்து காங்கிரஸ்ல இருந்த சீனியர் புஷ் அதுக்காக முன்னாடி நின்னவர், ரெண்டு பேருமே ரிபப்ளிகன் கட்சி. கருத்தடை, கர்ப்ப டெஸ்ட், பாப் ஸ்மியர் (கருப்பை வாய் கேன்சர் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்), மார்பக பரிசோதனை, பால்வினை நோய் டெஸ்ட், குழந்தை இல்லாதவங்களுக்கு ஆரம்பகட்ட செக்கப், இதெல்லாம் வருமானத்துக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுக்கற கிளினிக்குகளுக்கு போற பணம் அது. அந்த சட்டத்துலயே 1008ன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு, கருக்கலைப்ப குடும்பக் கட்டுப்பாட்டு முறையா வச்சிருக்கற எந்த திட்டத்துக்கும் இந்த பணம் போகக்கூடாதுன்னு. முதல் நாள்ல இருந்தே அப்படித்தான். இத ஞாபகம் வச்சுக்குங்க, கீழ தேவைப்படும்.

சரி கிளினிக்குக்கு வரேன். மறுநாள் போன் பண்ணேன், 25 நிமிஷம் ஹோல்டு. மூணு நாள் கழிச்சு காலைல 10:15க்கு அப்பாயின்ட்மென்ட் கிடைச்சுது. ஒரு ஸ்ட்ரிப் மால்ல நக பாலிஷ் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவுல இருக்கு, போர்டு சின்னது, ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டோம்.

ஃபார்ம் ஆறு பக்கம். வருமானம் எவ்ளோன்னு கேட்ட இடத்துல அவ பேனாவ வச்சுட்டு என்னைப் பாத்தா. ரிசப்ஷன்ல இருந்தவங்க, ஐம்பது வயசு இருக்கும், குரல தாழ்த்தி "இந்த மாசம் வீட்டுக்கு என்ன வருதோ அத மட்டும் எழுதும்மா, பே ஸ்லிப் இல்லன்னா பரவால்ல"ன்னு இங்கிலீஷ்ல மெதுவா சொன்னாங்க. அப்புறம் மேஜைல ஒட்டி வச்சிருந்த ஒரு சார்ட்ட காட்டினாங்க. அந்த வருஷம் மூணு பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 25,820 டாலர், அதுக்கு கீழ இருந்தா ஒரு பைசா வாங்கக்கூடாது, அதுல ரெண்டரை மடங்கு வரைக்கும், அதாவது 64,550 வரைக்கும் படிப்படியா கட்டணம். விசா என்ன, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்கான்னு யாரும் கேக்கல. இவளுக்கு கட்டணம் சைபர். அந்த பேப்பர மடிச்சு பையில வச்சுக்கும்போது அவ கை நடுங்கினத பாத்தேன்.

இப்ப அந்த குறைஞ்ச ஸ்டார். 10:15 அப்பாயின்ட்மென்ட்டுக்கு உள்ள கூப்பிட்டது 11:50. அன்னிக்கு மொத்த கிளினிக்குக்கும் ஒரே ஒரு நர்ஸ் ப்ராக்டிஷனர், அதாவது டாக்டர் மாதிரி பாத்து மருந்து எழுதற நர்ஸ். உக்காந்திருந்தவங்க பதினாலு பேர நான் எண்ணினேன், அதுல ரெண்டு பேர் வேலைக்கு லேட்டாகுதுன்னு எழுந்து போயிட்டாங்க, போன ஒரு பொண்ணு மறுபடி வருவாளான்னு எனக்கு இன்னும் யோசனையா இருக்கு. காத்திருக்க வைக்கறத நான் லேசா விட மாட்டேன், மணிக்கணக்குல சம்பளம் வாங்கறவங்களுக்கு ஒண்ணரை மணி நேரம்னா அது கட்டணம்தான். ஆனா யார் மேல கோவப்படறதுன்னு யோசிச்சா, நாடு முழுக்க இந்த திட்டத்துக்கு ஒதுக்கறது பத்து வருஷமா அதே 286 மில்லியன் டாலர் சுத்தி நிக்குது, வாடகை நிக்கல, நர்ஸ் சம்பளம் நிக்கல.

உள்ள நடந்ததுதான் இந்த ரிவ்யூ எழுதவே காரணம். நான் கூடப் போய் மொழிபெயர்க்கலாம்னு எழுந்தேன், அவளுக்கு இங்கிலீஷ் புரியும் ஆனா இந்த விஷயமெல்லாம் பேச வராது. அந்த நர்ஸ் கும்பிடாத குறையா "நீங்க வெளிய இருங்க, போன்ல தமிழ் ஆள் வருவாங்க"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. அவ கார்ல சொன்னப்பறம்தான் புரிஞ்சுது. தனியா வச்சு முதல் கேள்வியே, வீட்ல யாராவது அடிக்கறாங்களா, மாத்திரை சாப்பிடாதன்னு யாராவது கட்டாயப்படுத்தறாங்களா, நீ இங்க வந்தது உன் விருப்பமான்னு கேட்டிருக்காங்க. அவ வாழ்க்கைல ஒருத்தர் கூட அத கேட்டதில்லையாம். அவ வீட்டுக்காரர் நல்ல மனுஷன், பிரச்சனை ஒண்ணும் இல்ல, ஆனா அவர் நல்லவரா இல்லாம இருந்து நான் பக்கத்துல உக்காந்திருந்தா அவ வாய தொறந்திருப்பாளா? மாட்டா. நான் மேல் வீட்டுக்காரி, நாளைக்கு பொங்கலுக்கு ஒரே பந்தியில உக்காரணும்.

போன்ல வந்த அம்மா சுத்தத் தமிழ்ல பேசினாங்களாம். "உங்கள் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள்" வரைக்கும் ஓகே, "கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை"ன்னு சொன்னதும் இவ எனக்கு கேன்சர்னு நினைச்சு அழ ஆரம்பிச்சுட்டா. நர்ஸுக்கு தமிழ் தெரியாது ஆனா அழுகை தெரியும் இல்ல, உடனே நிறுத்தி, கைய பிடிச்சுட்டு, மறுபடி முதல்ல இருந்து சொல்லச் சொல்லிருக்காங்க, அந்த போன் அம்மாவும் புரிஞ்சுகிட்டு "பாப் ஸ்மியர்மா, எல்லா பொம்பளைங்களும் எடுக்கறது, நோய் இருக்கான்னு பாக்கத்தான், இருக்குன்னு சொல்லல"ன்னு நம்ம பாஷைக்கு எறங்கி வந்துட்டாங்க. அந்த ரெண்டு பேருக்கும் தனியா ஒரு ஸ்டார் குடுக்கணும்.

கர்ப்ப டெஸ்ட் நெகட்டிவ். அப்புறம் பிபி பாத்திருக்காங்க, 152க்கு 98. ஒரு தடவை இல்ல, பத்து நிமிஷம் விட்டு மறுபடியும். அவ கேட்டது மாலா டி மாதிரி மாத்திரை. அந்த பிபில ஈஸ்ட்ரோஜன் இருக்கற மாத்திரை குடுக்க மாட்டேன், பக்கவாதம் வர வாய்ப்பு கூடும்னு சொல்லி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மினி பில், ஊசி, கைல வைக்கற இம்ப்ளான்ட், காப்பர் டி எல்லாத்தையும் படம் வச்சு காமிச்சிருக்காங்க. அவங்க அம்மா, அத்தை எல்லாரும் காப்பர் டி போட்டவங்க, அதனால இவளுக்கு பயமில்ல, அதையே கேட்டா. அன்னிக்கே போட நேரமில்லன்னு ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க, இதுவும் எனக்கு ஒரு குறைதான், ஆனா அதுவரைக்கும் மினி பில் கைல குடுத்து அனுப்பினாங்க, பிபிக்கு பக்கத்து கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்கு எழுதியும் குடுத்தாங்க. இன்சூரன்ஸ் இல்லாம வெளிய போட்டா அந்த காப்பர் டி ஆயிரம் டாலர்கிட்ட ஆகும். டைட்டில் டென் கிராண்ட் வாங்கற கிளினிக்குக்கு 340பின்னு ஒரு ஏற்பாட்டுல மருந்து கம்பெனிங்க பெரிய தள்ளுபடி குடுக்கணும், அதனாலதான் கட்டுப்படியாகுது. கிராண்ட் போனா அந்த தள்ளுபடியும் கூடவே போகும், இது பேப்பர்ல யாரும் எழுதறதில்ல.

யோசிச்சு பாருங்க, நாலு வருஷமா அந்த மாலா டிய சாப்பிட்டிருக்கா, ஒரு நாள் ஒருத்தர் பிபி பாக்கல. ரிசல்ட் வந்துச்சு, பாப் ஸ்மியர் நார்மல், எச்பிவி (அந்த கேன்சர வர வைக்கற வைரஸ்) நெகட்டிவ், இனிமே அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்தா போதும். ரிசல்ட் போர்ட்டல்ல இங்கிலீஷ்ல மட்டும்தான் வருது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பித்தான் புரிஞ்சுகிட்டா, அத சரி பண்ணலாம்.

வீட்டுக்கு வரும்போது சிக்னல்ல நிக்கறோம், "அக்கா, பாசிட்டிவ்னு வந்திருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்?"னு கேட்டா. டெக்ஸாஸ்ல 2022 ஆகஸ்ட்ல இருந்து கருக்கலைப்பு தடை, தாய் உயிருக்கு ஆபத்துன்னா தவிர. நான் ஒண்ணும் சொல்லல. சிக்னல் விழுந்துச்சு, வண்டிய எடுத்தேன்.

இப்ப எனக்கு ஏன் இந்த கிளினிக்குகள் தெரியும்னா, 2010ல படிச்சு முடிச்சு ஓபிடில (படிப்பு முடிச்சவங்க கொஞ்ச காலம் வேலை பாக்க குடுக்கற அனுமதி) இருந்தேன், இன்சூரன்ஸ் கிடையாது, இதே மாநிலத்துல ஒரு காலேஜ் டவுன்ல இப்படி ஒரு இடத்துக்குத்தான் போனேன். அங்க ஒரு நர்ஸ் மார்பக பரிசோதனை பண்ணும்போது ஒரு கட்டிய கண்டுபிடிச்சாங்க. எனக்கு 24 வயசு, ஊருக்கு போன் பண்ணி அம்மாகிட்ட கூட சொல்லல. கம்மி செலவுல அல்ட்ராசவுண்ட் எடுக்க அவங்களே ஏற்பாடு பண்ணி, சாதா கட்டி, பயமில்ல, ஆனா வருஷா வருஷம் வந்து காமின்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் போய் காமிச்சேன். 2012ல போனா கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. மூடிட்டாங்க. அடுத்த கிளினிக் அறுபது மைல், என்கிட்ட கார் இல்ல. ரெண்டு வருஷம் காமிக்காமயே இருந்தேன், குளிக்கும்போதெல்லாம் விரலால தொட்டு தொட்டு பாத்துக்குவேன், பெருசாகுதா பெருசாகுதான்னு.

அந்த பேப்பர் எப்படி வந்துச்சுன்னு அப்புறம்தான் தேடி படிச்சேன். 2011ல டெக்ஸாஸ் சட்டசபை குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு குடுத்துட்டிருந்த 111 மில்லியன் டாலர 38 மில்லியனா வெட்டிட்டாங்க. மிச்சம் இருந்ததையும் வரிசை போட்டாங்க, அரசு ஹெல்த் டிபார்ட்மென்ட், பெரிய ஹெல்த் சென்டருக்கெல்லாம் முதல்ல, குடும்பக் கட்டுப்பாடு மட்டும் பாக்கற கிளினிக்குக்கு கடைசில. பிளான்ட் பேரன்ட்ஹுட் (கருக்கலைப்பும் பண்ற பெரிய குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்பு) கைக்கு பணம் போகக்கூடாதுங்கறதுதான் நோக்கம், சட்டசபைலயே வெளிப்படையா பேசினாங்க. ஆனா 82 கிளினிக் மூடினாங்க, இல்ல இந்த சேவைய நிறுத்தினாங்க, அதுல பாதிக்கு மேல பிளான்ட் பேரன்ட்ஹுட்டே இல்ல. நான் போன இடமும் இல்ல, அங்க என்னிக்கும் கருக்கலைப்பு பண்ணதில்ல. குறி ஒரு இடம், குண்டு பட்டது இன்னொரு இடம்.

அதோட நிக்கல. 2013 ஜனவரில இருந்து மாநிலத்தோட பெண்கள் ஹெல்த் திட்டத்துல இருந்தும், கருக்கலைப்பு பண்றவங்களோட சம்பந்தம் இருக்கற எந்த கிளினிக்கும் வெளியன்னு ஆக்கினாங்க. அதுவரைக்கும் அந்த திட்டத்துல பத்துக்கு ஒன்பது டாலர் ஃபெடரல் அரசு குடுத்துட்டு இருந்துச்சு, யார்கிட்ட வைத்தியம் பாக்கணும்னு நோயாளிதான் முடிவு பண்ணணும், நீங்க இப்படி ஒதுக்கக்கூடாதுன்னு அவங்க பணத்த நிறுத்த, மாநிலம் அந்த பணத்தையே விட்டுட்டு சொந்தக் காசுல நடத்துச்சு. 2016ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல அதோட விளைவு வந்துச்சு: கிளினிக் விலக்கப்பட்ட கவுன்ட்டிகள்ல (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) காப்பர் டி, இம்ப்ளான்ட் மாதிரி நீண்டகால முறைகளுக்கான க்ளெய்ம் 35 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது, மூணு மாச ஊசி போட்டுட்டு இருந்த பெண்கள்கிட்ட மெடிக்கெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) செலவுல நடந்த பிரசவம் 27 சதவீதம் கூடிச்சு. மூணு மாச ஊசிங்கறது தேதி தவறக்கூடாது, போற இடம் மூடினா தேதி தவறும், அவ்ளோதான் விஷயம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், 2013லயே பணத்த திரும்ப ஏத்தினாங்க, 2016ல ஹெல்தி டெக்ஸாஸ் விமன்னு புது திட்டம் வந்துச்சு, அது நிறைய பேருக்கு உதவுது. ஆனா அதுக்கு சிட்டிசனா இருக்கணும், இல்ல தகுதியான இமிக்ரன்ட் ஸ்டேட்டஸ் வேணும், எச்4, எஃப்1 (ஸ்டூடன்ட் விசா) காரங்களுக்கு கிடையாது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு டைட்டில் டென் ஒரு முக்கியமான கதவா இருந்துச்சு.

என்னோட ரொம்ப நெருங்கின தோழி ஒருத்தி, சர்ச்சுக்கு தவறாம போறவ, இந்த சட்டங்களுக்கு மனசார ஆதரவு. அவ சொல்றது இதுதான்: "நீ பாப் ஸ்மியருக்குன்னு குடுத்தாலும் அவங்க வாடகை, கரன்ட் பில் அதுல போயிடும், மிச்சமாகற காசுல அந்த வேலைய பண்ணுவாங்க, என் வரிப் பணம் அதுக்கு ஒரு சென்ட் போறதும் எனக்கு பாவம்தான்." அவ மனசு எனக்கு தெரியும், அவள நான் குறைவா நினைக்கல, ஒரு உயிருன்னு நம்பறவ அப்படித்தான் பேச முடியும். நான் அவகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. செக்‌ஷன் 1008 ஏற்கனவே இருக்கு, 1976ல இருந்து ஹைட் திருத்தம் இருக்கு, பலாத்காரம், உறவுக்குள்ள நடந்த கொடுமை, தாய் உயிர் தவிர ஃபெடரல் மெடிக்கெய்ட் பணம் கருக்கலைப்புக்கு போகாது. இதுக்கு மேல வெட்டினப்போ டெக்ஸாஸ்ல குறைஞ்சது எது? வேண்டாத கர்ப்பத்த தடுக்கற ஊசியும் காப்பர் டியும்தானே குறைஞ்சுது. வேண்டாத கர்ப்பம் கூடினா நீ எது நடக்கக்கூடாதுன்னு நினைக்கறியோ அதுக்குத்தானே வழி கூடும்? அவ ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "கிளினிக்க மூடணும்னு நான் சொல்லல"ன்னா. நான் நம்பறேன். ஆனா மூடித்தான் போச்சு.

2019ல டிரம்ப் அரசு இன்னொரு ரூல் போட்டாங்க, டைட்டில் டென் வாங்கற இடம் கருக்கலைப்புக்கு யாரையும் ரெஃபர் பண்ணக்கூடாது, பண்ற இடம்னா கட்டடம், வாசல், ரெக்கார்டு எல்லாம் தனித்தனியா இருக்கணும்னு. பிளான்ட் பேரன்ட்ஹுட் திட்டத்த விட்டே வெளிய வந்துட்டாங்க. 2018ல 39 லட்சம் பேர் வந்த திட்டத்துக்கு 2020ல 15 லட்சம் பேர்தான் வந்தாங்க, கோவிடும் ஒரு காரணம்னு வச்சுக்கிட்டாலும் அது சின்ன வீழ்ச்சி இல்ல. 2021ல பைடன் அரசு அத எடுத்துட்டு, நோயாளி கேட்டா எல்லா வழியையும் பத்தி சொல்லித்தான் ஆகணும்னு ரூல் போட, 2023ல டென்னஸி, ஓக்லஹோமா ரெண்டும் மாட்டோம்னு கிராண்ட இழந்துச்சு. யார் ஆட்சின்னு பாத்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ரூல் மாறினா, அந்த ஸ்ட்ரிப் மால் கிளினிக் எத நம்பி அஞ்சு வருஷ லீஸ் போடும், எத நம்பி ரெண்டாவது நர்ஸ வேலைக்கு எடுக்கும்? என் 1 மணி 35 நிமிஷ வெயிட்டிங்கோட வேர் அங்க இருக்கு.

2025 இன்னும் மோசம். ஜூன் 26ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு சவுத் கரோலினா கேஸ்ல, மெடிக்கெய்ட்ல டாக்டர தேர்ந்தெடுக்கற உரிமைக்காக நோயாளி கேஸ் போட முடியாதுன்னு சொல்லிடுச்சு, அடுத்த வாரமே ஜூலை 4ல கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டத்துல, கருக்கலைப்பு பண்ற, 2023ல மெடிக்கெய்ட்ல 8 லட்சம் டாலருக்கு மேல வாங்கின குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு ஒரு வருஷம் மெடிக்கெய்ட் பணமே கிடையாதுன்னு வந்துச்சு. மெயின் மாநிலத்துல மெயின் ஃபேமிலி பிளானிங்ங்கற அமைப்பும் அதுல மாட்டிக்கிச்சு, அவங்க சாதாரண காய்ச்சல், சுகர், பிபி பாத்துட்டு இருந்த சேவையையே அக்டோபர்ல நிறுத்திட்டாங்க. பிபி! இவளுக்கு அந்த 152க்கு 98ஐ கண்டுபிடிச்சதே ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்தானே.

நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு: 2025 ஜூலைல ஹெச்ஹெச்எஸ் (ஃபெடரல் அரசோட ஹெல்த் டிபார்ட்மென்ட்) டைட்டில் டென்னையும் சில விசா, ஸ்டேட்டஸ் உள்ளவங்களுக்கு மட்டும்ங்கற லிஸ்ட்ல சேத்து ஒரு அறிவிப்பு போட்டிருக்காங்க. கேஸ் போட்ட மாநிலங்கள்ல 2025ல கோர்ட் அதுக்கு தடை போட்டுச்சு, டெக்ஸாஸ் கேஸ் போடல. அதனால நான் 2024ல பாத்ததுதான் இப்பவும் இருக்கும்னு நம்பி நேரா போயிடாதீங்க, முதல்ல போன் பண்ணி, எச்4, எஃப்1ன்னு நேரடியா சொல்லி கேளுங்க, ஹோல்டுல போட்டாலும் வைக்காதீங்க.

போறதா இருந்தா நாளோட முதல் அப்பாயின்ட்மென்ட்டா கேளுங்க, லேட் ஆக ஆரம்பிக்கறது அதுக்கு அப்புறம்தான். கடைசி பீரியட்ஸ் தேதி, இப்ப சாப்பிடற மாத்திரை அட்டை, ரெண்டையும் எடுத்துட்டு போங்க. தமிழ் இன்டர்பிரெட்டர் வேணும்னு புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, காசு கிடையாது. கூட ஆள் போனா வெளிய உக்காருங்க, கோச்சுக்காதீங்க. காப்பர் டி போடற அன்னிக்கு கண்டிப்பா ஒருத்தர் வண்டி ஓட்ட வேணும், இவளுக்கு அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வயித்து வலி இருந்துச்சு, நான் ரசம் சாதம் வச்சு குடுத்துட்டு பையன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். இப்போ பிபி மாத்திரை சாப்பிடறா, போன மாசம் 128க்கு 82.